போர்க்காயத்தை ‘விபத்து’ என்று எழுத விடாதீர்கள்

கோலாலம்பூரில் அகதிகளாக இருக்கும் ஈழத்து முன்னாள் போராளிகளில் சிலர், அரசாங்க மருத்துவமனையில் காயம் எப்படி வந்தது என்று கேட்டால் ‘மோட்டார் சைக்கிள் ஆக்சிடென்ட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பயம்தான் காரணம், அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரி கோப்பில் ஏறிவிட்டால், பின்னால் ஐ.நா. அகதிகள் முகமையான யு.என்.எச்.சி.ஆர். நேர்காணலில் ‘2009இல் செல் (எறிகணை) பட்டது’ என்று சொல்லும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். செயற்கைக்காலுக்கோ பண உதவிக்கோ பரிந்துரை எழுத வேண்டிய சமூகப் பணியாளரின் கையும் அங்கேயே நின்றுவிடும்.

நீங்கள் எந்தத் தரப்பில் இருந்தீர்கள் என்பது டாக்டருக்குத் தேவையே இல்லை. செல்லா, சன்னமா (துப்பாக்கிக் குண்டா), மிதிவெடியா? எந்த ஆண்டு? எங்கே ஆபரேஷன் நடந்தது? இவ்வளவு போதும். இயக்கத்தில் இருந்த விவரத்தைப் பேச வேண்டிய இடம் அகதி மனு. அதற்கு முன் அகதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். போராளியாக இருந்த ஒரே காரணத்துக்காக மனு தள்ளுபடி ஆகிவிடாது. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு விலக்குவது போர்க்குற்றம் போன்ற கடுங்குற்றம் செய்தவர்களை.

உடம்பில் செல் துண்டு இருப்பதை மறைப்பதில் உயிராபத்தும் உண்டு. எம்.ஆர்.ஐ. காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தும், சூடாக்கும். கண், முதுகுத்தண்டு, பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால் விளைவு மோசமாகும். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதன் நகலை வாங்கி வையுங்கள். தழும்பு மங்கிப்போகும், உள்ளே இருக்கும் துண்டு படத்தில் தெரியும்.

‘காலில் பழைய காயம்’ என்று மட்டும் எழுதிய மருத்துவ அறிக்கையால் ஒரு பிரயோசனமும் இல்லை. இடதா வலதா, முழங்காலுக்கு மேலா கீழா, தழும்பு எத்தனை சென்டிமீட்டர், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று இருக்க வேண்டும். சித்திரவதைத் தழும்பென்றால், சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டி) ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. எந்தப் படி என்று டாக்டர் எழுதுவது மனுவில் பெரிய வித்தியாசம் செய்யும். எத்தனை மணி நேரம் நிற்க முடிகிறது, படி ஏற முடிகிறதா என்பதும் வேண்டும். புதிய செயற்கைக்கால் கேட்பவர் ‘பழசாகிவிட்டது’ என்றால் போதாது. துண்டித்த காலின் முனை சுருங்கி, பொருத்தும் குழி தளர்ந்து, இரண்டு மூன்று காலுறை மாட்ட வேண்டியிருப்பதையும் உரசிப் புண்ணான இடத்தையும் காட்டுங்கள்.

17ஆம் நூற்றாண்டில் மன்னருக்கும் பார்லிமென்ட்டுக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் ஊனமான சிப்பாய்களும் ஓய்வூதியம் கேட்டு, தளபதியின் சான்றிதழோடு நீதிபதிகள் முன் மனுக் கொடுத்தவர்கள்தான். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் பார்லிமென்ட் தரப்பில் நின்றவர்களின் ஓய்வூதியம் போயிற்று. தோற்ற தரப்பின் காயத்துக்குச் சான்றிதழ் தர யாரும் மிஞ்சுவதில்லை. அதனால்தான் எக்ஸ்ரேவையும் அறிக்கையையும் இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

யு.என். கார்டு (யு.என்.எச்.சி.ஆர். தரும் அகதி அட்டை) இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் 50 விழுக்காடு கழிவு உண்டு. கார்டு இல்லாமல் போவது வேறு கதை: ஆவணமற்ற வெளிநாட்டவரைப் பற்றித் தகவல் தரச் சொல்லும் சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இருக்கிறது. அதற்காகக் கார்டு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கட்டாதீர்கள், யு.என்.எச்.சி.ஆர். சேவை எல்லாமே இலவசம்.

கடைசியாகப் பெயர். கார்டில் தகப்பன் பெயர் முன்னால், மருத்துவமனைப் பதிவில் பின்னால் என்றிருந்தால் இரண்டு ஆளின் ஆவணம் போலத் தெரியும். எழுத்துக்கூட்டையும் சேர்த்துப் பார்த்து, பதிவு கவுண்டரிலேயே திருத்தச் சொல்லுங்கள். அறிக்கை கையெழுத்தான பிறகு மாற்றுவது பெரும்பாடு.