ஓநாயாக மாறும் அந்த ஒரு நிமிடம்

பேய்ப் படத்தைக் கையில் காசில்லாமலும் எடுத்துவிடலாம். பழைய வீடு ஒன்று, தானாகத் திறக்கும் கதவு, நல்ல சத்தம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓநாய் மனிதன் படத்தில் அந்தச் சலுகை கிடையாது. பௌர்ணமி வந்தால் அவன் ஓநாயாக மாறியே தீர வேண்டும். டிக்கெட் வாங்கியவர் காத்திருப்பதே அதற்குத்தான். சின்ன பட்ஜெட் குழுவுக்கு அந்த ஒரு நிமிடம் மிச்சப் படம் முழுவதையும் விடப் பெரிய சவால். ஆனாலும் இந்த வகையில் காலம் தாண்டி நிற்கும் படங்களில் பல, செலவு குறைந்த படங்கள்தான்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், மாற்றத்தின்போது மூன்று காரியங்கள் சேர்ந்து நடக்க வேண்டும். எலும்பு நீள வேண்டும், தோல் இழுபட வேண்டும், முடி முளைக்க வேண்டும். எலும்பாக நிற்பதற்கு விறைப்பான பொருள் தேவை. தோலுக்குத் துவளும் பொருள் தேவை. முடியோ இழுத்தாலும் நீளாது. மூன்று குணமும் ஒன்றாக உள்ள பொருள் கிடையாது. அதனால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத படங்களில் இந்த மாற்றம் பெரும்பாலும் ஒரே உடலில் நடப்பதில்லை. ஒரு ஷாட்டில் பொய்க் கை, அடுத்ததில் பொய்த் தலை, அதற்கடுத்ததில் நிஜ நடிகரின் கண். ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிறது. துண்டுகளைச் சேர்த்து ஒரே உடலாக்குவது எடிட்டிங் மேசையும் பார்ப்பவரின் மூளையும்தான். இந்த இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. சின்னப் படங்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான்.

1941இல் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'தி வுல்ஃப் மேன்' படத்தில் ஜாக் பியர்ஸ் என்ற மேக்கப் கலைஞர், நடிகர் லான் சேனி ஜூனியரின் முகத்தில் யாக் மாட்டின் முடியை ஒட்டினார். கொஞ்சம் முடி ஒட்டுவது, நடிகர் அசையாமல் இருக்கப் படம் பிடிப்பது, மேலும் ஒட்டுவது, மறுபடி பிடிப்பது என்று போகும் முறை. பிறகு ஒரு காட்சியை மங்கவிட்டு அதன் மேலேயே அடுத்ததைத் தெளிய விடுவார்கள். சேனி முதன்முதலில் ஓநாயாகும் காட்சியில் முகத்தையே காட்டவில்லை, கால்களைத்தான் காட்டினார்கள். முகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நம் கண் பிடித்துவிடும். காலை அந்த அளவுக்கு நாம் உற்றுப் பார்ப்பதில்லை.

அடுத்த பெரிய பாய்ச்சல் 1981இல். ஜோ டான்டே இயக்கிய 'தி ஹவ்லிங்' படத்தின் செலவு சுமார் 15 லட்சம் டாலர்தான். அதன் மேக்கப் பொறுப்பு முதலில் ரிக் பேக்கரிடம் இருந்தது. அவர் 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்துக்குப் போய்விட, இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்த அவருடைய சீடர் ராப் போட்டின் வேலையை எடுத்துக்கொண்டார். அவர் பெரிதும் நம்பியது காற்றுப் பைகளை. ரப்பர் தோலுக்கு அடியில் சின்னச் சின்னப் பைகள், அவற்றிலிருந்து கேமராவுக்குத் தெரியாமல் ஓடும் குழாய்கள், மறுமுனையில் காற்றைச் செலுத்த ஆட்கள்.

கேட்க எளிமையாக இருக்கிறது, இயற்பியலும் எளிமைதான். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பு. பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் உள்ள சதுரப் பைக்குள் 5 கிலோபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால், ஒன்றேகால் கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை கிடைக்கிறது. வாயால் ஊதியே அந்த அழுத்தத்தைக் கொண்டுவரலாம். மெல்லிய ரப்பர் தோலை மேலே தள்ள இது தாராளம். இரண்டு மூன்று பைகளை முன்பின்னாக ஊதி இறக்கினால், தோலுக்கடியில் எலும்பு இடம் மாறுவதாகவே தோன்றும்.

பேக்கர் எடுத்துக்கொண்ட சவால் வேறு. அவருடைய படத்தில் மாற்றம் வெளிச்சமான ஒரு வரவேற்பறையில் நடக்கிறது, ஒளிந்துகொள்ள இருட்டு இல்லை. கை நீள்வதற்கும் முகம் முன்னே துருத்துவதற்கும் உள்ளே இயந்திர அமைப்புடன் தனித்தனி உறுப்புகள் செய்தார். முடி முளைப்பதற்கு அவர் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பொய்த் தோலில் முடியைக் கோத்து, பின்பக்கமாக மெல்ல உள்ளே இழுத்துப் படம் பிடித்து, ஃபிலிமைத் தலைகீழாக ஓட்டினார். அவ்வளவுதான்! முதல் முறையாகப் போட்டிப் பிரிவாக வைக்கப்பட்ட சிறந்த மேக்கப்புக்கான ஆஸ்கர், 1982இல் அவருக்குக் கிடைத்தது.

சரி, அந்தப் பொய்த் தோல் எதனால் ஆனது? பல காலமாக நுரை லேட்டக்ஸ்தான். ரப்பர் பாலில் அம்மோனியா கலந்து வைத்திருப்பார்கள். அது காரத்தன்மையைத் தக்கவைப்பதால் ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாக மிதக்கும். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்கள் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேக்கப் கூடத்திலும் அதே வேதியியல்தான். பாலை முதலில் நுரை பொங்க அடித்து, பிறகு காரத்தன்மையை மெதுவாகக் குறைக்கும் பொருளைச் சேர்த்து, உறைவதற்குள் அச்சில் ஊற்றி, அடுப்பில் பல மணி நேரம் வேக வைக்கிறார்கள். அப்புறம் கிடைப்பது லேசான, முகத்தோடு சேர்ந்து அசையும் தோல்.

அதன் குறை, ஒளி ஊடுருவாது என்பது. நிஜத் தோலில் விழும் ஒளியில் ஒரு பகுதி உள்ளே போய்ச் சிதறி, சற்றுத் தள்ளிச் செம்மையாக வெளியே வருகிறது. உயிருள்ள தோலின் களை அதுதான். சிலிகானில் ஓரளவு அப்படியே நடக்கும், ஆனால் கனமும் விலையும் அதிகம். ஜெலட்டின் மலிவு, ஒளியும் ஊடுருவும், ஆனால் வியர்வையிலும் விளக்குச் சூட்டிலும் இளகிவிடும். எந்தப் பொருளானாலும் ஓரத்தை மிக மெல்லியதாகச் செய்ய வேண்டியிருப்பதால், கழற்றும்போது பெரும்பாலும் கிழிந்துவிடும். பத்து நாள் படப்பிடிப்பு என்றால் பத்து முகங்கள் வேண்டும். பணத்தைத் தின்பது இந்தக் கணக்குதான்.

2000இல் வந்த கனடியப் படமான 'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' இந்தக் கணக்கைத் திரைக்கதையிலேயே தீர்த்தது. வயதுக்கு வரும் ஒரு பெண்ணின் உடல் மாற்றங்களோடு இணைத்து, ஓநாயாவதையும் நாள்கணக்கில் மெதுவாக நடக்க விட்டார்கள். முதலில் காயத்தில் முளைக்கும் முடி, பிறகு வால், பிறகு பல். ஆரம்பக் கட்டங்களுக்குச் சின்னச் சின்ன ஒட்டுவேலையே போதும். கடைசிக் கட்டங்களில் மட்டும் நடிகை கேத்தரின் இசபெல் ஏழு மணி நேரம் வரை மேக்கப் நாற்காலியில் இருக்க நேர்ந்தது. இறுதியில் வரும் மிருகத்துக்குக் கிட்டத்தட்ட முடியே இல்லை. என்னைக் கேட்டால் அது சரியான முடிவு. மலிவான ரோமத் துணி மூட்டுகளில் துணி போலத்தான் மடியும், உடனே அது உடுப்பு என்று தெரிந்துவிடும்.

மாறி முடித்த பிறகு ஓநாய் நடக்க வேண்டுமே! நாய், ஓநாய் எல்லாம் விரல்களை ஊன்றி நடப்பவை. பின்காலில் முழங்கால் பின்னோக்கி மடிவதாக நாம் நினைக்கும் இடம் உண்மையில் கணுக்கால். மனிதனை அப்படி நிற்க வைத்தால் ஊன்றும் பரப்பு சுருங்குகிறது, உடலின் ஈர்ப்பு மையமோ உயர்கிறது, அசையாமல் நிற்பதே கடினம். நீல் மார்ஷலின் 'டாக் சோல்ஜர்ஸ்' (2002) ஸ்காட்லாந்து மலைக்காட்டில் நடக்கும் கதை, பெரும்பகுதி எடுக்கப்பட்டது லக்சம்பர்க்கில். அவர் தன் ஓநாய்களுக்குப் பொய்க்கால்கள் பூட்டி, உள்ளே நடனக் கலைஞர்களை நிறுத்தினார். சமநிலையை இழக்காமல் ஓயாமல் எடையை மாற்றிக்கொண்டே இருப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அந்த ஓநாய்களின் அசைவில் உள்ள விநோத நளினம் அங்கிருந்து வந்தது.

விளக்கு வைப்பதிலும் சூட்சுமம் உண்டு. ஒட்டிய தோலின் ஓரம் ஒரு மில்லிமீட்டரை விடச் சிறிய படி. பக்கவாட்டில் ஒளி விழுந்தால் அந்தப் படி நிழல் விடும், குட்டு உடையும். பின்னாலிருந்து ஒளி வந்தால் ஓரம் இருட்டில் போய்விடும், உருவத்தின் விளிம்பு மட்டும் மின்னும். ஷாட் மாறும் நொடியும் கைகொடுக்கிறது. ரென்சிங்க், ஓரீகன், கிளார்க் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு படங்களுக்கு நடுவே கண நேரம் வெறுந்திரையைக் காட்டினால் பெரிய மாற்றங்களைக்கூட மனிதர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று தெரிந்தது. பார்வை ஒரு கணம் தடைபட்டால் மாற்றம் நடந்த இடத்தை மூளையால் சுட்ட முடிவதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் இதைப் போன்ற ஒரு தடை உண்டு. பொய்க் கையின் முடி முந்தைய ஷாட்டோடு பொருந்தாவிட்டாலும் தப்பித்துவிடலாம்.

இருப்பதிலேயே மலிவான உறுப்பு ஓநாயின் குரல். உறுமல் தொண்டையும் வாயும் சேர்ந்த ஒரு குழாய் வழியாக வெளியே வருகிறது. குழாய் நீளமாக இருந்தால், அதில் ஓங்கி ஒலிக்கும் அதிர்வெண்கள் தாழ்ந்து ஒன்றுக்கொன்று நெருங்கும். எதிரே நிற்கும் மிருகம் எவ்வளவு பெரியது என்று நம் காது கணிப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு. வீட்டு நாயின் உறுமலைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டினால் இந்த அதிர்வெண்களும் பாதியாகும், குழாய் இரண்டு மடங்கு நீண்ட மாதிரி கேட்கும். ஆனால் சுருதியை மட்டும் இறக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் குரல் தடிக்கும், குழாயின் அதிர்வெண்கள் மாறாததால் நாய் அதே அளவில்தான் இருக்கும்.