ஒரு சதுரத்துக்கு எத்தனை வீடு?

அமெரிக்காவின் நார்த் டகோட்டா மாநிலத்தில் ஒரு வயலின் பத்திரத்தைப் பிரித்தால் இடம் இப்படித்தான் எழுதியிருக்கும்: டவுன்ஷிப் 140 வடக்கு, ரேஞ்ச் 60 மேற்கு, செக்‌ஷன் 12, வடகிழக்குக் கால்பங்கு. ஊர் பெயரோ பக்கத்து நிலக்காரர் பெயரோ தேவையில்லை. இதில் 140 என்பது ஒரு தூரம். தெற்கே ஆர்கன்சா மாநிலத்தில், ஒரு சதுப்பு நிலத்துக்குள், 1815-ல் குறித்த புள்ளி ஒன்று இருக்கிறது. அதன் வழியாகப் போகும் கிழக்கு மேற்குக் கோட்டிலிருந்து ஆறு ஆறு மைலாக வடக்கே எண்ணி வந்தால் 140-வது கட்டம் இது. ஏறத்தாழ 840 மைல்! ரேஞ்ச் 60 என்பது அதே புள்ளி வழியாகப் போகும் தெற்கு வடக்குக் கோட்டிலிருந்து மேற்கே எண்ணிய கட்டம்.

டவுன்ஷிப் என்றால் நமக்கு நெய்வேலிக் குடியிருப்புதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது பக்கத்துக்கு ஆறு மைல் உள்ள சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 1785-ல் வந்த நிலச் சட்டம் இந்தக் கணக்கை வகுத்தது. புது நாட்டுக்குப் போர்க்கடன் நிறைய, கையில் பணமில்லை. நிலத்தை விற்கலாம், ஆனால் விற்க முதலில் அளக்க வேண்டும். அந்த நிலத்தில் ஏற்கெனவே பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. அளவை தொடங்கிய ஒஹாயோவில் ஷாவ்னி, டெலவேர் மக்கள். டகோட்டாவில் லகோட்டா, மண்டன், ஹிடாட்சா மக்கள். கட்டம் போட்டவர்கள் அவர்களைக் கேட்டுப் போடவில்லை.

அளந்தது கன்ட்டர் சங்கிலியால். நீளம் 66 அடி, 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம் நிலக் கணக்கும் இந்தச் சங்கிலியில் கட்டுண்டதுதான்: ஒரு சென்ட் என்பது சரியாக 1,000 சதுர லிங்க்ஸ் (கண்ணிகள்). நார்த் டகோட்டாவில் செக்‌ஷன் எல்லைகளில் பொதுப் பாதைக்கு விட்ட அகலமும் 66 அடி, ஒரு சங்கிலி.

பூமி உருண்டை என்பதால் இந்தச் சதுரம் முழுச் சதுரமாக அமையாது. வடக்கே போகப் போக நெடுங்கோடுகள் நெருங்கும். நார்த் டகோட்டாவில் ஒரு டவுன்ஷிப்பின் வடக்கு எல்லை தெற்கு எல்லையைவிட ஏறத்தாழ 50 அடி குறைவு. அதற்காக 24 மைலுக்கு ஒருமுறை கோட்டை நிறுத்திப் புதிதாக அளந்தார்கள். நேராக வந்த மண்சாலை அங்கே திடீரென்று ஒடிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி நேராகப் போகும்.

சரி, மக்கள் எப்படி வந்தார்கள்? 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. அது செக்‌ஷனில் கால்பங்கு. இரண்டு செக்‌ஷன்களை, 16-ஐயும் 36-ஐயும், பள்ளிகளுக்கு ஒதுக்கினார்கள். மிச்சம் 34. காகிதக் கணக்குப்படி 136 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 680 பேர். ஒரு டவுன்ஷிப்பின் மக்கள்தொகையை, ஆள் வருவதற்கு முன்பே சட்டமும் சங்கிலியும் ஏறத்தாழ எழுதிவிட்டன.

என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். அவரவர் நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் அங்கே தெருவாக, கூட்டமாக வாழ்ந்து பழகியவர்கள். இங்கே அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால். பனிக்காலத்தில் அந்த அரை மைல் எவ்வளவு தூரமாக இருந்திருக்கும்!

மழை இன்னொரு கணக்குப் போட்டது. 160 ஏக்கர் என்பது ஈரமான கிழக்குக்குப் பொருந்திய அளவு. வறண்ட மேற்கில் மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கராவது வேண்டும் என்று மேற்குப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லேயே அறிக்கை கொடுத்தார். அரசு அப்போது கேட்கவில்லை. 1909-ல்தான் வறண்ட பகுதிகளில் 320 ஏக்கராக்கினார்கள், 1916-ல் மேய்ச்சல் நிலத்துக்கு 640. அப்புறம் டிராக்டர் வந்தது, 1930-களின் வறட்சி வந்தது. தாங்க முடியாதவர் விற்றுவிட்டுப் போக, பக்கத்து நிலக்காரர் வாங்கினார். இன்று நார்த் டகோட்டாவில் ஒரு பண்ணையின் சராசரி ஏறத்தாழ 1,500 ஏக்கர். டவுன்ஷிப்பின் 23,040 ஏக்கரை அதனால் வகுத்துப் பாருங்கள்: பதினைந்து பண்ணை. 136 வீடு இருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து. நிலம் தரிசாகவில்லை, கோதுமை விளைகிறது, ஆட்கள்தான் இல்லை.

மாநிலத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் இது தெரியாது. 1930-ல் 6,80,845 பேர், 2010-ல் 6,72,591, எண்ணெய் வந்தபின் 2020-ல் 7,79,094. கூடியது பெரும்பாலும் நகரங்களிலும் எண்ணெய் வயல்களிலும்.

சின்ன ஊரின் எண்ணிக்கையைப் படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நெப்ராஸ்காவில் மோனோவி என்று ஓர் ஊர். 2010-ல் மக்கள்தொகை 1. 2020 கணக்கில் 2 என்று வந்தது. ஆனால் யாரும் புதிதாகக் குடிவரவில்லை. தனி மனிதரின் விவரம் வெளியே தெரியாமல் இருக்க, மாநில மொத்தத்தை மட்டும் மாற்றாமல் விட்டு, சிற்றூர் எண்களைக் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சற்றுக் கலைத்திருந்தது.

பல டவுன்ஷிப்புகளுக்கு இன்றும் சொந்த நிர்வாகம் உண்டு. மார்ச் மாதம் கூடி வரி முடிவு செய்வார்கள், சரளைச் சாலையைப் பார்த்துக்கொள்வார்கள். மேற்பார்வையாளர், எழுத்தர், பொருளாளர் என்று பதவிகள் இருக்கின்றன. முப்பது பேர் உள்ள இடத்தில் அவற்றுக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. ஆள் கிடைக்காவிட்டால் நிர்வாகத்தைக் கலைத்து, சாலையைக் கவுண்டியிடம் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஒப்படைக்கிறார்கள். பத்திரத்தில் மட்டும் அதே எண்: 140 வடக்கு, 60 மேற்கு.