மீதி ஒன்பது பங்கு யாருடையது?

குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். விசுவாசிகள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: “பிரதர், தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போடணுமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா?” நல்ல கேள்வி. ஆனால் மீதி ஒன்பது பங்கைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. பத்தில் ஒன்று கர்த்தருக்கு, மற்றது நம் இஷ்டத்துக்கு என்று நாமே ஒரு பாகப்பிரிவினையை எழுதி முடித்துவிட்டோம்.

‘பூமியும் அதின் நிறைவும்’ கர்த்தருடையது என்கிறது 24ஆம் சங்கீதம். நாம் உக்கிராணக்காரர்கள். இந்தச் சொல் இன்று வேதாகமத்துக்கு வெளியே அதிகம் புழங்குவதில்லை. உக்கிராணம் என்றால் பண்டசாலை. சாவி இவன் கையில், சரக்கு எஜமானுடையது.

லூக்கா 16ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உக்கிராணக்காரன் உவமையை வாசிக்கும்போதெல்லாம், கணக்குப் பார்க்கிறவன் என்பதால், எனக்கு ஒரு சொல் கண்ணில் தைக்கும். அந்த உக்கிராணக்காரன்மேல் முதலில் வந்த புகார் திருட்டு அல்ல. ஆஸ்திகளை ‘அழித்துப்போடுகிறான்’ என்பதுதான். முந்தின அதிகாரத்தில் இளைய குமாரன் சொத்தைக் கரைத்ததைச் சொல்லவும் கிரேக்க மூலத்தில் இதே வினைச்சொல்தான் வருகிறது. வீணாக்கியதற்கே “உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி” என்கிறார் எஜமான்.

ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் வேலை. குடி, சூது எதுவும் இல்லை, தசமபாகம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனாலும் மாதக் கடைசியில் கார்டுதான் கை கொடுத்தது. மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து வரச் சொன்னேன். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இதை யார் வாங்கினீர்கள், பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கம் வருவதற்குள் கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். பார்க்காத ஆப்புகளுக்குச் சந்தா, இன்னும் பிரிக்காத பார்சல், பழையது நன்றாக வேலை செய்யும்போதே தவணையில் எடுத்த புதுப் போன். எதுவும் பெரிய தொகை இல்லை. பாவம் என்று சுட்டிக்காட்டவும் எதுவும் இல்லை. சிக்கலே அதுதான்.

அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆசை வருவதற்கும் வாங்குவதற்கும் நடுவே முன்பு கொஞ்சம் நேரம் இருந்தது. அதைத்தான் இன்றைய வியாபாரம் பிடுங்கிக்கொண்டது. கார்டு எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, ஒரு தட்டு போதும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் உறுத்தல் இதில் வராது. முழு விலை மறைந்து மாதத் தவணை மட்டும் கண்ணில் படும். கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்கிறது நீதிமொழிகள் 22:7. தவணை கட்டுவதற்காகக் கூடுதல் வேலை பார்க்கிறவருக்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற சகோதரனைப் போய்ப் பார்க்க நேரம் ஏது? ‘முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்’ என்று இயேசு சொன்னது எதை உண்போம், எதை உடுப்போம் என்ற கவலைக்குப் பதிலாகத்தான்.

தாலந்து என்றதும் நமக்குப் பாட்டுத் திறமையும் பேச்சுத் திறமையும் நினைவுக்கு வருகின்றன. மத்தேயு 25இல், எஜமான் தன் ஊழியக்காரரிடம் தாலந்துகளை ஒப்படைத்துவிட்டுப் போகிற உவமையில் அது பணம். ஒரு தாலந்து சுமார் 6000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 20 வருட உழைப்பு. ஒரே தாலந்து பெற்றவனிடமும் அவ்வளவு ஒப்படைக்கப்பட்டிருந்தது.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய பிரசங்கியார் ஜான் வெஸ்லி ஒரு வழி வைத்திருந்தார். வருடம் 30 பவுண்டு வந்தபோது 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தார். வருமானம் 60 ஆனது, செலவு அதே 28தான், 32ஐக் கொடுத்தார். விலைவாசி ஏறுகிற காலத்தில் இதை அப்படியே செய்ய முடியாது, சரி. ஆனாலும் சம்பள உயர்வு கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஒரு வரம்பு போட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வருமானமே போதாத வீட்டில் போய்ச் சிக்கனப் பிரசங்கம் செய்யாதீர்கள். அவர்களுக்குத் தேவை உதவி. அப்புறம், சபையில் புதுக் கார் வாங்கியவர் சாட்சி சொன்னால் கை தட்டுகிறோம். தன்னுடையதை விற்று இன்னொருவர் கடனை அடைத்தவரை நான் மேடையில் பார்த்ததே இல்லை.

அந்தத் தம்பதி பதிவாகியிருந்த கார்டு எண்களை நீக்கினார்கள். வாங்க நினைப்பதைத் தாளில் எழுதி, 30 நாள் கழித்து முடிவெடுக்கச் சொன்னேன். சில மாதங்கள் கழித்து வந்த மனைவி, “பாதியை எதுக்கு எழுதினோம்னே ஞாபகம் இல்லை, பிரதர்” என்று சிரித்தார். கார்டு பாக்கி தீர்ந்திருந்தது. முதல் முறையாகக் கையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை யாருக்காகச் செலவிடலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். தசமபாகத்தைப் பற்றி அன்று பேச்சே வரவில்லை.