யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் அது போலீஸ் இல்லை

மறுபடியும் அதே காகிதம்: போலீஸ் வேடத்தில் வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடிக்காரர்கள் அனுப்பும் போலிக் கைது உத்தரவு. உச்சியில் அசோகச் சின்னம், கீழே அமலாக்கத் துறை, உச்ச நீதிமன்றம், ரிசர்வ் வங்கி என்று மூன்று சீல். சேமிப்பு மொத்தத்தையும் இழந்துவிட்டு அதை நீட்டுகிறவர்கள் கேட்பதும் மாறுவதில்லை: "சார், சீல் ஒரிஜினல் மாதிரிதானே இருக்கு?"

தயவுசெய்து சீலை ஆராயாதீர்கள். அது அச்சு அசலாகவே இருந்தாலும், வீடியோ காலில் ஒருவரைக் கைது செய்ய இந்தியாவில் சட்டம் கிடையாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

கூரியரில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம், பணமோசடி வழக்கு. கதை எதுவாகவும் இருக்கட்டும். "கேமராவை அணைக்காதே, மனைவியிடம்கூடச் சொல்லாதே, இது ரகசிய விசாரணை" என்பது மட்டும் தவறாமல் வரும். சட்டம் சொல்வதோ நேர் எதிர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவுப்படி, கைது செய்தால் உங்கள் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் உடனே தெரிவித்தே ஆகவேண்டும். 36ஆம் பிரிவுப்படி கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38ஆம் பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். விசாரணைக்கு வரச்சொல்லும் 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே, வாயை மூடு என்று மிரட்டுகிறவன் போலீஸ் இல்லை. போனை வையுங்கள். வைத்ததற்காக ஒரு வழக்கும் வராது.

"பணத்தை எங்கள் கணக்குக்கு அனுப்பு, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம்" என்பதும் பச்சைப் பொய். கணக்கில் சந்தேகம் இருந்தால் போலீஸ் வங்கிக்கு எழுதி முடக்கும். பணத்தை வேறு கணக்குக்கு மாற்று என்று உங்களிடம் சொல்லாது.

வங்கி ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. முதியவர் ஒருவர் ஃபிக்ஸட் டெபாசிட்டை முறித்து, முன்பின் அனுப்பியிராத கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் சலான் எழுதுகிறார் என்றால், "எதுக்கு சார்?" என்று கேட்டால் போதாது. 'வீடு வாங்க' என்ற பதிலை மோசடிக்காரன் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பான். சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே அழைத்து உட்காரவைத்து, போனை அணைக்கச் சொல்லி, பிள்ளைகளின் எண்ணைக் கேளுங்கள்.

பணம் போய்விட்டதா? அழுவதற்கு முன் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். கையில் இருக்கவேண்டியவை: யுடிஆர் எண் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்), தொகை, நேரம், பணம் போன கணக்கு எண். முதல் கணக்கிலிருந்து பணம் சில மணி நேரத்தில் பத்து இருபது வாடகைக் கணக்குகளுக்கு (மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த பிறர் வங்கிக் கணக்குகள்) சிதறிவிடும். அதற்குள் சொன்னால்தான் வழியில் நிறுத்திவைக்க முடியும். காலையில் பார்க்கலாம் என்று தூங்கிவிடாதீர்கள். அவமானத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுகிறார்கள். அதுதான் சாட்சியம், தொடாதீர்கள். 1930இல் சொன்ன புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் முழுமையாகப் பதிந்துவிடுங்கள்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். "யார் மிரட்டினாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க, திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் திட்டுவார்கள் என்ற பயத்தில் நாள்கணக்கில் மறைத்தவர்கள் நிறையப் பேர்.

பணம் இழந்த சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரலாம்: "மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்." அதுவும் மோசடிதான். 1930க்கும் சைபர் காவல் நிலையத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.