குளுட்டன் தவிர்ப்பு ஒரு சிகிச்சை: பரிசோதனைக்கு முன் தொடங்காதீர்கள், தொடங்கிய பின் தளர்த்தாதீர்கள்

கோதுமையை நிறுத்திச் சில மாதங்கள் கழிந்த பின்னர், "இப்போது ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிடலாமா?" என்ற கேள்வியுடன் வருகிறவர்களை உணவியல் ஆலோசகராக நான் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். அண்மையில் வந்த ஒரு பெண்ணுக்கு நெடுநாளாக ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரைகள் எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வயிற்று உப்புசமும் ஓயாத சோர்வும் இருந்தன. யாரோ சொன்னதைக் கேட்டு, கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்னும் புரதத்தை அவர் விட்டார், உடல் தேறியது, அதன்பின் எடுத்த ரத்தப் பரிசோதனையும் இயல்பாக வந்தது. அந்த அறிக்கையை நம்பித் குளுட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சேதமடையும் சீலியாக் நோய் தமக்கு இல்லை என்று முடிவு செய்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கோதுமை உணவைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். அவரிடம் சொல்ல நேர்ந்ததையே இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இன்னொருவரைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அந்த ரத்தப் பரிசோதனை தேடுவது, குளுட்டன் உள்ளே போவதால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்களை. குளுட்டனை நிறுத்தினால் அவை குறைந்துவிடும். குடலின் உட்சுவரும் மெல்ல ஆறத் தொடங்கும். ஆகவே நிறுத்திய பின் எடுக்கும் பரிசோதனை இயல்பாக வந்தால், நோய் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. வழக்கம்போல் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே இந்த எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ஐஜிஏ பரிசோதனையையும், அதனுடன் ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்க வேண்டும். சிலருக்கு ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருக்கும் என்பதால், மொத்த அளவைப் பார்க்காத அறிக்கை ஏமாற்றிவிடக்கூடும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி வழியாகச் சிறுகுடலின் திசுவை எடுத்து ஆராய்வார்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள், மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் குளுட்டன் உண்ட பிறகுதான் பரிசோதிக்க முடியும்; உடல் தேறியவர்களுக்கு அது பெரும் வேதனை. டிகியூ2, டிகியூ8 என்னும் மரபணுக்களுக்கான சோதனைக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் நோய் வருவது மிக அரிது. ஆனால் அவை இருப்பதால் மட்டும் நோய் உறுதியாகிவிடாது.

உறுதிப்படுத்துவதில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை வேறு, சீலியாக் நோய் வேறு, சீலியாக் இல்லாமலேயே குளுட்டன் ஒத்துக்கொள்ளாத நிலை வேறு. சீலியாக் நோய் என்றால் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்; பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கும் பரிசோதனை தேவைப்படும்.

நோய் உறுதியான பிறகு நான் மிக அதிகமாகக் கேட்கும் சொல் "கொஞ்சம்தானே" என்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ இரண்டு கிராம், அதாவது 2000 மில்லிகிராம் குளுட்டன் இருக்கும். சீலியாக் நோயாளிகளுக்கு நாள்தோறும் 50 மில்லிகிராம் குளுட்டனை மூன்று மாதங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடலின் உட்சுவரில் சேதம் தென்பட்டது. ஐம்பது மில்லிகிராம் என்பது அந்த ரொட்டித் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. மேசையில் சிந்திக் கிடக்கும் துணுக்குகளை ஒன்று சேர்த்தால் அந்த அளவு வந்துவிடும். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு உட்பட்ட அளவு பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை என்று கருதப்படுகிறது. 'குளுட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தரவிதியான கோடெக்ஸ் சொல்கிறது. அத்தகைய உணவை அரைக்கிலோ உண்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. விதிமுறை வகுத்தவர்கள் மில்லிகிராமில் கணக்கிட்டிருக்கும்போது, நாம் வாய் நிறையக் கணக்கிடுவது எப்படிச் சரியாகும்?

"சாப்பிட்டேன், வயிறு ஒன்றும் செய்யவில்லை" என்பது இதன் மறுபக்கம். வயிற்று வலியை வைத்துக் குடலின் நிலையை அளக்க முடியாது. சேதம் நடந்துகொண்டிருக்கும்போதும் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் பலர் உண்டு. அவர்களிடம் ஆண்டுகள் கழித்து ரத்தசோகையாகவோ எலும்புத் தேய்மானமாகவோ அது வெளிப்படும். இந்த உணவுமுறை நாகரிக மோகத்தில் பிறந்தது என்று எண்ணுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையை நீக்கினால் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறுகிறார்கள் என்பதை 1950-இல் தமது ஆய்வேட்டில் பதிவு செய்தார். இன்றுவரை இந்த நோய்க்கு உணவுதான் மருந்து. வேளைக்கு மருந்து கொடுக்கும் கவனத்தைச் சமையலறையில் எதிர்பார்ப்பதைக் கண்டிப்பு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

சமையலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம், கடையில் விற்கும் குளுட்டன் இல்லாத பிஸ்கட்டையும் கேக்கையும் தேடி ஓடாதீர்கள் என்றே முதலில் சொல்வேன். அவற்றில் பலவற்றில் சர்க்கரையும் கொழுப்பும் மிகுதி, நார்ச்சத்து குறைவு. அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, தினை போன்ற சிறுதானியங்கள், பருப்பு வகைகள், கிழங்குகள், காய்கனிகள், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகிய அனைத்தும் இயல்பிலேயே குளுட்டன் அற்றவை. முதல் மாதம் இவற்றை மட்டும் கொண்டு எளிமையாகச் சமைத்தால், எது ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெளிவாகத் தெரியும். நீக்க வேண்டியவை கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் அவற்றிலிருந்து வரும் அனைத்தும். மைதா, ரவை, சேமியா, பாஸ்தா ஆகியவை பெரும்பாலும் கோதுமையே. சம்பா கோதுமை போன்ற பழைய வகைகள் தீங்கற்றவை என்ற பேச்சை நம்ப வேண்டாம்; அவற்றிலும் குளுட்டன் உண்டு.

தானியத்தில் இல்லாத குளுட்டன் அரைக்கும் இடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. கோதுமை அரைத்த இயந்திரத்தில் அடுத்ததாக அரைத்த சிறுதானிய மாவு பாதுகாப்பானதன்று. முழுத் தானியமாக வாங்கி, வேறு தானியம் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி, கழுவி உலர்த்தி, இதற்கென்றே வைத்திருக்கும் கருவியில் வீட்டிலேயே அரைத்துக்கொள்வது நல்லது. சல்லடை, மரப்பலகை, பூரிக்கட்டை, மரக்கரண்டி, ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். துளையும் பிளவும் உள்ளவற்றில் மாவு தங்கிவிடும், கழுவினாலும் முழுமையாகப் போகாது. எஃகுப் பாத்திரங்களைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவினால் போதும், புதிதாக வாங்கத் தேவையில்லை. கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெயில் இவர்களுக்குப் பொரிக்காதீர்கள். பாஸ்தா வேகவைத்த நீரை இவர்களுக்கான உணவில் ஊற்றாதீர்கள். எவ்வளவு கொதித்தாலும் குளுட்டன் அழியாது. வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் தனிப் புட்டி வேண்டும், ஏனென்றால் ரொட்டியில் தடவிய கத்தி அதற்குள் திரும்பப் போகும். ஒரே வேளையில் இருவகை உணவும் சமைப்பதானால் குளுட்டன் இல்லாததை முதலில் முடித்து மூடி வைத்துவிடுங்கள். காற்றில் பறக்கும் மாவும் வந்து படியும்.

பொட்டலங்களில் உள்ள பொருள் விவரத்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், ஏனெனில் தயாரிப்பாளர் கலவையை மாற்றக்கூடும். 'கோதுமை இல்லாதது' என்று எழுதியிருந்தால் குளுட்டனும் இல்லை என்று பொருளாகாது. மால்ட் என்ற சொல் பெரும்பாலும் பார்லியையே குறிக்கும். சத்துப் பானங்களிலும் காலை உணவுத் தானியங்களிலும் அது மிகுதியாக இருக்கிறது. சோயா சாஸ் பலவும் கோதுமை சேர்த்தே புளிக்கவைக்கப்படுகின்றன. பொடியாக விற்கும் மசாலாக் கலவை, உடனடி சூப், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் கெட்டிப்படுத்த மாவு சேர்ப்பதுண்டு. ஓட்ஸைப் பொறுத்தவரை, கலப்படமற்றது என்று சான்று பெற்றதைப் பெரும்பாலோர் உண்ணலாம். ஆயினும் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை என்பதால், உடல் நிலைபெற்ற பிறகு மருத்துவரைக் கேட்டுச் சிறிதுசிறிதாகச் சேர்க்க வேண்டும்.

ரொட்டி உதிர்கிறது, மாவு இழுபடவில்லை என்ற புலம்பல் அடுத்து வரும். மாவைப் பிணைத்து நிறுத்துவது குளுட்டன்; அது இல்லாதபோது இசப்கோல் உமியோ, சாந்தன் பசையோ, முட்டையோ அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒரே மாவைப் பயன்படுத்தாமல், ஒரு தானிய மாவுடன் ஒரு பருப்பு மாவையும் சிறிது மாச்சத்தையும் கலந்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் ஊறவைத்தால் மாவு கைக்கு வசப்படும். கிண்ணத்தால் அளப்பதைவிட எடையால் அளப்பது நல்லது, ஏனெனில் இந்த மாவுகளின் அடர்த்தி ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடும். மூன்று வேளையும் அரிசியிலேயே நின்றுவிடாதீர்கள். பருப்பு, கீரை, விதைகள் ஆகியவற்றைச் சேர்க்காவிட்டால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் பி வைட்டமின்களும் குறைந்துவிடும்.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறையப் பல மாதங்கள் ஆகும்; வயதுவந்தோருக்குக் குடல் முழுமையாக ஆற இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எதிர்ப்பொருள், இரும்பு, ஃபோலேட், பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவைப் பார்த்து வாருங்கள். தவறிக் குளுட்டன் உள்ளே போய்விட்டால் வாந்தியெடுக்கவோ பட்டினி கிடக்கவோ வேண்டாம்; போதுமான நீர் அருந்தி அடுத்த வேளையிலிருந்து வழக்கமான உணவுக்குத் திரும்பி, என்ன உண்டீர்கள், எங்கே உண்டீர்கள் என்பதைக் குறித்து வைத்து அடுத்த ஆலோசனையின்போது கொண்டுவாருங்கள். குழந்தையாக இருந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை உண்டதை மறைத்துவிடும், எதிர்ப்பொருள் ஏன் குறையவில்லை என்று நாம் எல்லோரும் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.