கூழாங்கல் சுவர் ஏன் உருண்டு விழவில்லை?

அமெரிக்காவில் இருக்கும் வாசகி ஒருவர் படம் ஒன்று அனுப்பியிருந்தார். நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ரிட்ஜ் சாலையோரக் கிராமத்தில் ஒரு பழைய பலசரக்குக் கடை. கூடையில் முட்டை அடுக்கினாற்போல் சுவர் முழுக்கக் கூழாங்கற்கள், வரிசை வரிசையாக. “உருண்டைக் கல் எப்படி நிற்கிறது?” என்று கேட்டிருந்தார்.

அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. பனியுகத்துப் பனிப்பாறைகள் உருட்டி வந்து வயலெங்கும் போட்டவை பாதி, ஒன்டாரியோ ஏரியின் அலை மழமழவென்று தேய்த்தவை மீதி. 1825இல், விளைச்சலைப் படகில் நியூயார்க் நகருக்கு அனுப்ப வழி தந்த ஈரி கால்வாய் முழுதாகத் திறந்தது. கோதுமை விற்ற காசு விவசாயிகள் கையில் புரண்டது. ஏர் ஓட்டும்போது பொறுக்கி வரப்போரம் குவித்த கல் வீடாகியது, கடையாகியது, பள்ளிக்கூடமாகியது. சைல்ட்ஸ் என்ற ஊரில் 1834இல் கட்டிய கூழாங்கல் தேவாலயம் இன்றும் நிற்கிறது. வட அமெரிக்காவின் கூழாங்கல் கட்டடங்களில் மிகப் பெரும்பகுதி ரோசெஸ்டர் நகரைச் சுற்றி 120 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

சரி, சுவருக்கு வருவோம். நமக்குத் தெரிவது கல்லின் முனை மட்டும். நீளப்பக்கம் சுவருக்குள்ளே, பல் ஈறுக்குள் இருப்பதுபோலப் புதைந்திருக்கும். பின்னால் பெரிய கற்களும் கலவையுமாகத் தடித்த சுவர். மூலைகளில் மட்டும் சதுரமாகச் செதுக்கிய கற்கள்; கொத்தனார் நூல் பிடிப்பது அவற்றை வைத்துத்தான்.

இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பு. எனக்கு அலுக்கவே அலுக்காத வேதியியல் இது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொரிந்து நீறும். மணல் சேர்த்துச் சுவரில் வைத்ததும் அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சத் தொடங்குகிறது. காளவாயில் விட்டதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது! முதலில் மேல்தோல், அப்புறம் உள்ளே. அவசரப்பட்டால் ஈரக்கலவை மேலே உள்ள பாரத்தில் பிதுங்கிவிடும். அதனால் ஒரு நாளைக்குச் சில வரிசைகள்தான் ஏறும்.

இன்னொன்றும் உண்டு. மயிரிழை விரிசல் விழுந்தால், உள்ளே மிச்சமிருக்கும் சுண்ணாம்பை மழைநீர் கரைத்து அந்த இடுக்குக்குக் கொண்டுவரும். அங்கே காற்றுப் பட்டு அது இறுகும். சுவர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. பழங்கால ரகசியக் கலவை, கைவிட்டுப்போன மந்திரம் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொறுமையும் சுண்ணாம்பும் போதும். இதை ஆராய இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் பழுது பார்க்கிறேன் என்று சிமென்ட் பூசிவிடுகிறார்கள். சிமென்ட் கெட்டி, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கிய நீர் குளிரில் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருத்துக் கல்லை வெளியே தள்ளும். வாசகியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசல் நிலைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் திட்டு ஒன்று. அதன் ஓரத்தில் மூன்று குழிகள், கல் இல்லாமல்.