தாஷ்கண்டுக்குக் கன்டெய்னர் அனுப்பும் முன்

உஸ்பெகிஸ்தானுக்கு அண்டை நாடுகள் ஐந்து: கஜகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், ஆப்கானிஸ்தான், துர்க்மெனிஸ்தான். ஒன்றுகூடப் பெருங்கடலைத் தொடவில்லை. அதனால் இங்கே சரக்கு போக எப்படியும் இரண்டு எல்லையாவது தாண்ட வேண்டும். புதிதாக ஏற்றுமதி செய்பவர்கள் கப்பல் வாடகையில்தான் பேரம் பேசுகிறார்கள். பணம் கரைவதோ எல்லை ரயில் நிலையங்களில்.

இந்தியாவிலிருந்து வழக்கமான வழி ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம், துர்க்மெனிஸ்தான் எல்லையிலுள்ள சரக்ஸ், துர்க்மெனிஸ்தான், பிறகு உஸ்பெகிஸ்தான். ஈரானில் தண்டவாள அகலம் 1435 மி.மீ., சரக்ஸைத் தாண்டினால் 1520. கன்டெய்னரைத் தூக்கி வேறு வேகனில் வைத்தாக வேண்டும். அந்தப் பக்கம் காலி வேகன் வராவிட்டால் பெட்டி தரையில் கிடக்கும், வாடகை ஏறும். சீன வழியிலும் இதே கதைதான். கஜகஸ்தானின் எல்லை நிலையமான தோஸ்திக்கில் குளிர்காலப் புயல்காற்று வேறு கிரேனை நிறுத்திவிடும்.

கன்டெய்னர் யாருடையது என்று முதலில் கேளுங்கள். பல ஷிப்பிங் கம்பெனிகள் தங்கள் பெட்டியைத் துறைமுகத்துக்கு மேல் விடாது. விட்டாலும், காலிப் பெட்டி திரும்பி வரும் நாளையும் சேர்த்தே பெட்டி வாடகை இல்லாத இலவச நாட்களைப் பேசி வாங்க வேண்டும். 20 அடிப் பெட்டி ஒன்றே ஒன்று என்றால் ஜோடி கிடைக்கும்வரை காத்திருக்கும், இல்லையேல் முழு வேகனுக்கும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

அதிகம் தடுக்கி விழுவது காகிதத்தில். எஸ்எம்ஜிஎஸ் என்னும் ரயில் சரக்குச் சீட்டை ரஷ்ய மொழியிலோ சீனத்திலோ நிரப்ப வேண்டும். ‘தாஷ்கண்ட்’ என்று மட்டும் எழுதினால் போதாது. சுகுர்சாய், செர்கெலி என்று நகரில் பல நிலையங்கள் உண்டு, நிலையக் குறியீடும் வேண்டும். எல்லா நிலையத்திலும் 40 அடிப் பெட்டி இறக்க முடியாது. கடந்து போகும் ஒவ்வொரு நாட்டு ரயில்வேக்கும் கட்டணம் செலுத்தும் முகவரின் குறியீடு சீட்டில் இல்லாவிட்டால், வேகன் எல்லையிலேயே நிற்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சீட்டு மூன்றிலும் எடை கிலோ பிசகாமல் ஒத்துப்போகட்டும்.

ஒப்பந்தங்களில் ‘சிஐஎஃப் தாஷ்கண்ட்’ என்று இன்னமும் எழுதுகிறார்கள். சிஐஎஃப் (விற்பவரே கப்பல் வாடகையும் காப்பீடும் கட்டுவது) கப்பல் துறைமுகத்துக்கான விதி. இங்கே சிபிடி (விற்பவர் சேருமிடம்வரை வாடகை கட்டுவது) அல்லது சிஐபி (அதோடு காப்பீடும் கட்டுவது) போடுங்கள். ஈரான் வழி என்றால், சரக்கு கிளம்பும் முன்பே வங்கியிடமும் காப்பீட்டுக் கம்பெனியிடமும் ஈரான் மீதான பொருளாதாரத் தடைகள் பற்றி எழுத்தில் பதில் வாங்குங்கள். தண்ணீர் கலந்த பெயின்ட், பசை போன்றவற்றைக் கஜகஸ்தான் வழியாக ஜனவரியில் அனுப்பாதீர்கள், உறைந்து கெட்டுவிடும்.

சீனா–கிர்கிஸ்தான்–உஸ்பெகிஸ்தான் ரயில் பாதை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் வேலை தொடங்கியிருக்கிறது. திட்டப்படி அதிலும் கிர்கிஸ்தானின் மக்மாலில் தண்டவாள அகலம் மாறுகிறது. கிரேன் செலவை அப்போதும் கணக்கில் வையுங்கள்.